எண்ணிக்கைக்குத் தண்டனை: கைரேகைச் சட்டம் முதல் ஐஸ் வழக்கு வரை



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பத்தனைச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வழமை போல் ஐஸ் பக்கம் திரும்பியது. லயத்தில் கேஸ் சிலிண்டர் களவு போகிறது, தண்ணி மோட்டர் களவு போகிறது, பிடித்துக் கொடுத்தால் மூன்று மாதத்தில் திரும்பி வந்து அதே சந்தியில் நிற்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டாந்தரம் மூணாந்தரம் புடிபட்டவன வெளியிலயே விடாம ஆக்க ஒரு சட்டம் இல்லியா சேர்? நீங்க வரலாறு படிப்பிக்கிற ஆள்தானே, சொல்லுங்க."

அந்த இடத்தில் நாங்கள் பதில் சொல்லவில்லை. கேட்டவருடைய கடையே இரண்டு முறை உடைபட்டது. அவருடைய கோபத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அவர் கேட்ட சட்டம் உலகத்தில் இருந்திருக்கிறது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது. எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அது இருந்தது. அது என்ன செய்தது என்று எழுதுவதுதான் சரியான பதில் என்று நினைத்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

தண்டனைச் சட்டத்தில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று "வரை". மற்றது "குறையாமல்". இந்தக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொன்னால், நீதவான் ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, களவு போன பொருளைப் பார்த்து ஒரு மாதமும் கொடுக்கலாம், மூன்று ஆண்டும் கொடுக்கலாம், எச்சரித்தும் விடலாம். ஏழு ஆண்டுக்குக் குறையாமல் என்று சொன்னால் கதை வேறு. அங்கே நிற்பவன் பதினெட்டு வயதுப் பொடியனா, ஐம்பது வயதுக் கைதேர்ந்த கள்ளனா என்பது அந்த ஏழு ஆண்டைத் தொடாது. நீதிபதி தீர்ப்பை வாசிக்கலாம், எழுத முடியாது. தண்டனையை எழுதியவர்கள் எப்போதோ எங்கோ இருந்து சட்டம் செய்தவர்கள்.

திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான கட்டாயத் தண்டனை இதற்கு மேல் இன்னொரு படி. இங்கே சட்டம் பார்ப்பது செய்த குற்றத்தை மட்டும் அல்ல, எண்ணிக்கையை. இது எத்தனையாவது தடவை? ஒன்றா, இரண்டா, மூன்றா? மூன்று என்றால் மூன்றுக்கு எழுதி வைத்தது விழும்.

அப்படியென்றால் சட்டத்துக்கு முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். இவன் அதே ஆள்தானா?

இந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரன் முதலில் கண்ட விடை கொடூரமானது. இந்தியாவில் கம்பனி ஆட்சிக் காலத்தில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். வங்காளத்தில் 1797 முதல், சென்னை மாகாணத்தில் 1802 முதல். 1849இல்தான் அது நின்றது. நெற்றியில் எழுதிய பின் அவன் தலைப்பாகையை இறக்கிக் கட்டித் திரிய வேண்டியதுதான். வேலை கொடுப்பவனும் இல்லை, பெண் கொடுப்பவனும் இல்லை.

பிறகு வந்தது கைரேகை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் ஒன்று திறந்தார்கள். ரேகைகளை வகை பிரித்து, 1024 புறாக்கூடுகளில் அடுக்கி, எந்த விரல் எந்த ஆளுடையது என்று சில நிமிடத்தில் தேடி எடுக்கும் முறை அங்கே உருவானது. அது உலகம் முழுக்க எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயரில் வழங்குகிறது. கணக்குப் போட்டு அந்த முறையை அமைத்தவர்களில் முக்கியமானவர் காழி அஸீஸுல் ஹக் என்ற வங்காள முஸ்லிம் சப் இன்ஸ்பெக்டர். அவரோடு ஹேம் சந்திர போஸ். எங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் பெருமைப்படுவார்கள். பெருமைப்படலாம். ஆனால் அந்தப் புறாக்கூடுகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் சொல்வோம்.

1871இல் வட இந்தியாவில் "குற்றப் பரம்பரைச் சட்டம்" வந்தது. சில சாதிகள் பிறப்பிலேயே களவுத் தொழில் செய்பவை என்று அரசாங்கம் முடிவு கட்டியது. 1911இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதிச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். குறவர், மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர், மறவரில் ஒரு பகுதியினர் என்று பட்டியல் நீண்டது. தமிழ்ச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம், சுருக்கமாக ரேகைச் சட்டம். எந்தப் பெயர் சரியாக உறைத்ததோ அந்தப் பெயரைத்தான் சனங்கள் வைப்பார்கள்.

இந்தச் சாதிகள் ஏன் "குற்றவாளிகள்" ஆனார்கள் என்பதும் வரலாறுதான். குறவர்கள் எருதுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்து வியாபாரம் செய்தவர்கள். அரசாங்கம் உப்பைத் தன் கையில் எடுத்தது, ரயில் பாதை வந்தது, அவர்களுடைய பிழைப்புப் போனது. பிரமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் செய்து காவல் கூலி வாங்கியவர்கள். பொலிஸ் வந்ததும் அந்தக் காவலே குற்றம் என்று ஆனது. பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, பிழைப்பில்லாமல் அலைகிறாயே என்று பெயர் எழுதினார்கள்.

பெயர் எழுதப்பட்டவன் கைரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் பொலிஸ் ஸ்டேஷனில் முகம் காட்ட வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் இரவில் ஸ்டேஷன் முற்றத்திலேயே படுத்துக் கிடந்தார்கள். வேறு ஊருக்குப் போவதற்கு ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் அதுவே ஒரு குற்றம். களவெடுக்கப் போகிறான் என்று நம்பும்படியான நிலைமையில் எங்கேயாவது காணப்பட்டாலும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் நாம் தேடி வந்த இடம். பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்த ஒருவன் கொள்ளை, வழிப்பறி போன்ற குறிப்பிட்ட குற்றம் ஒன்றுக்காக ஏற்கனவே தண்டனை பெற்றிருந்து, அப்படியான குற்றத்தில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுள் நாடுகடத்தல். அதாவது நம் சந்தியில் அன்றைக்குக் கேட்ட அதே சட்டம். நீதிபதி விதிவிலக்குக் கொடுக்க விரும்பினால் விசேட காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். விதி கடுமையாகவும், விதிவிலக்கு எழுத வேண்டிய வேலையாகவும் இருந்தால் எது அதிகம் நடக்கும் என்று உத்தியோகம் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே இரவில் ஒரே வழிப்பறியில் இரண்டு பேர் பிடிபடுகிறார்கள், இருவருக்கும் இது இரண்டாம் முறை என்று வையுங்கள். ஒருவன் சாதி பட்டியலில் இருக்கிறது, மற்றவன் சாதி இல்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு எவ்வளவு என்று நீதிபதி யோசிக்கலாம். பட்டியலில் உள்ளவனுக்கு ஏழு ஆண்டு முதலிலேயே எழுதியாகிவிட்டது. ஒரே செயல், இரண்டு கணக்கு.

அடுத்தது, முதலாவது எண் எப்படி விழுகிறது என்பது. பட்டியலில் பெயர் இருந்தால் ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அந்த வீட்டைத்தான் தட்டுவார்கள். அடிக்கடி தட்டப்படும் கதவு சீக்கிரம் திறக்கும். கண்காணிப்பு அதிகமான இடத்தில் வழக்கும் அதிகம், வழக்கு அதிகமான இடத்தில் எண்ணிக்கையும் அதிகம். பிறகு அதே எண்ணிக்கையைக் காட்டி "பார்த்தீர்களா, இவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்" என்று சொல்வார்கள்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்ற கிராமத்தில் சனங்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். பொலிஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெண், மாயக்காள். பலரைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திப் போனார்கள். அவர்களுக்காக மதுரையில் வழக்காட வந்தவர் ஜோர்ஜ் ஜோசப் என்ற மலையாளக் கிறிஸ்தவ பாரிஸ்டர். கோட்டில் ரோஜா வைத்திருப்பாராம். ரோசாப்பூ துரை என்று கள்ளர் நாட்டுச் சனங்கள் அவரைக் கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் இன்னும் பலரும் பிறகு பல ஆண்டுகள் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது.

நீங்கியதா? பெயர் நீங்கியது. 1948இலேயே சென்னையில் "வழக்கக் குற்றவாளிகள்" மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. சாதி என்ற சொல் போய் எண்ணிக்கை என்ற சொல் வந்தது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பழைய எண்ணிக்கைகளைச் சேர்த்து வைத்தது பழைய பட்டியல்தானே? 2024 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்ப்பதைப் பற்றிய தீர்ப்பில் இதையும் தொட்டது. "வழக்கக் குற்றவாளி" என்ற சொல் அந்தப் பழைய சமூகங்களைத் துரத்தப் பயன்பட்டதை அது எடுத்துச் சொன்னது.

"அது இந்தியாவின் கதை, நமக்கென்ன" என்று சிலர் கேட்கலாம். திம்புள்ளைத் தோட்டத்துப் பழைய மனிதர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்றுதான் வரும். அவர்களுக்குப் பின்னால் கடை வைக்க வந்த எங்கள் ஆட்களில் பலரும் அதே கரையிலிருந்து வந்தவர்கள்தான். அங்கே ராதாரிச் சீட்டு. இங்கே துண்டு.

இந்த மலையில் கோப்பி போட்ட காலத்தில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. கூலி வேலைக்குச் சேர்ந்தவன் அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் அது கடன் வழக்கு அல்ல, குற்ற வழக்கு. மூன்று மாதம் வரை சிறை. துரை கூலி கொடுக்காமல் இழுத்தால் அது வேறு கதை. கோப்பி நோய் விழுந்து தேயிலை வந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி வைப்பார்கள். துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஆறு தாண்டிப் போனவனும் "ஓடிப்போனவன்" ஆனான். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் இந்த முறைக்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதினார்கள், பேசினார்கள். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்ற காலமும் அதோடு முடிவுக்கு வந்தது.

இதை ஏன் சொல்கிறோம்? நம்முடைய ஊரில் சிறைக்குப் போன முதலாவது தலைமுறையில் எத்தனையோ பேர் களவெடுத்துப் போகவில்லை. வேலையை விட்டுப் போனதற்காகப் போனார்கள். எது குற்றம் என்று எழுதுபவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் யார் "முற்குற்றவாளி" என்பதும்.

1926இல் இலங்கையில் 2ஆம் இலக்கக் குற்றத் தடுப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. தண்டனை பெற்றவர்களின் கைரேகையைப் பதிந்து வைப்பதும், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைப் பொலிஸ் கண்காணிப்பில் வைப்பதும் அதன் வேலை. இந்தியாவைப் போல் சாதிப் பட்டியல் இங்கே இல்லை. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இன்றைக்கும் ஒருவர் குற்றவாளி என்று முடிவானதும், தண்டனைக்கு முன் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி அதேதான்: முற்குற்றம் உண்டா?

இப்போது கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். 1993இல் பொலி கிளாஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை வீட்டிலிருந்து கடத்திக் கொன்றான் ஒருவன். அவன் ஏற்கனவே சிறை சென்று விடுதலையானவன். நாடே கொதித்தது. பிள்ளை பெற்ற யாருக்கும் அந்தக் கொதிப்பு விளங்கும். 1994இல் "மூன்றடிச் சட்டம்" வந்தது. பேஸ்போலில் மூன்று பந்து தவறினால் ஆட்டமிழப்பது போல், பாரதூரமான குற்றம் இரண்டுக்கு முன்பே தண்டனை பெற்றவன் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் ஆகக்குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள்.

அந்தச் சட்டத்தில் சிக்கிய ஒருவர் லியாண்ட்ரோ அன்ட்ராடே. இராணுவத்தில் வேலை செய்தவர், பிறகு ஹெரோயினுக்கு அடிமையானவர். 1995இல் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ நாடா எடுத்தார். சின்னப் பிள்ளைகள் பார்க்கும் படங்களும் அதில் இருந்தன. மொத்த விலை 150 டொலர் அளவு. சாதாரணமாக அது சில்லறைக் களவு. ஆனால் முற்குற்றம் உள்ளவன் சில்லறைக் களவு செய்தால் அதைப் பெருங்குற்றமாக எழுதலாம் என்று அங்கே சட்டத்தில் வழி இருந்தது. அப்படி எழுதினார்கள். இரண்டு கடை, இரண்டு குற்றம். 25ம் 25ம் 50 ஆண்டு. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தண்டனையை நிற்க விட்டது. பொலி கிளாஸைக் கொன்றவனுக்காகச் செய்த வலையில் வீடியோ நாடா எடுத்தவன் விழுந்தான். 2012இல் கலிபோர்னியா மக்களே வாக்களித்து, மூன்றாவது குற்றமும் பாரதூரமானதாக இருந்தால்தான் பெரும்பாலும் ஆயுள் என்று மாற்றினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவு. பதினெட்டு ஆண்டுக்கு முன் அந்தச் சட்டம் வேண்டும் என்று வாக்குப் போட்டதும் அதே மாநிலத்துச் சனங்கள்தான்.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டாயத் தண்டனை வந்தால் யாரும் தீர்மானிப்பதில்லை, சட்டமே தீர்மானிக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தீர்மானம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நீதிபதி திறந்த மன்றில் காரணம் சொல்லித் தீர்மானித்ததை, இப்போது எந்தப் பிரிவில் வழக்கை எழுதுவது என்று மூடிய அறையில் ஒருவர் தீர்மானிக்கிறார். நீதிபதி பிழை விட்டால் மேன்முறையீடு செய்யலாம். மூடிய அறையில் எழுதிய எழுத்துக்கு மேன்முறையீடு எங்கே?

எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் "மூன்றாவது முறை ஆயுள்" என்று கலிபோர்னியா போல ஒரு பொதுச் சட்டம் இல்லை. ஆனால் "குறையாமல்" என்ற சொல் நம் சட்டங்களிலும் இருக்கிறது.

1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டு கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்ததாக நிரூபணமானால் மரண தண்டனை அல்லது ஆயுள். இடையில் வேறு எதுவும் இல்லை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பதால் இரண்டும் நடைமுறையில் ஆயுள்தான். 2022இல் ஐஸையும் இதற்குள் கொண்டு வந்தார்கள், அதற்கு ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி கிட்டத்தட்ட நான்கு கிராம். ஒரு வாழ்க்கை எந்தப் பக்கம் விழும் என்பது அரச பகுப்பாய்வாளரின் தராசில் இருக்கிறது.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை என்று நாம் கேள்விப்பட்டிருப்போம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம். ஆள் வீட்டுக்கு வரலாம். ஆனால் அந்தக் காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் தூங்கிக்கொண்டிருந்த பழைய தண்டனையும் எழுந்து வரும். அதோடு, கட்டாய ஆகக்குறைந்த தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இப்படி ஒத்திவைக்கவும் முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவில் இது இருக்கிறது.

1995இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் ஆகக்குறைந்த தண்டனைகள் சேர்த்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அதன் நோக்கத்தை முழு மனதோடு ஏற்கிறோம். பிள்ளைகளைத் தொட்டவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லி இந்தப் பதிவு எழுதப்படவில்லை. ஆனால் 2008இல் அனுராதபுரம் மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றத்திடம் கேள்வி கேட்டார்: பத்து ஆண்டுக்குக் குறைக்க முடியாது என்று சட்டம் எழுதியிருப்பதால் என் கையைக் கட்டியாகிவிட்டதா? உயர் நீதிமன்றம் இல்லை என்றது. அந்தக் கட்டாயம் அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) உறுப்புரைகளோடு முரண்படுகிறது, தகுந்த வழக்கில் நீதிபதி அதற்குக் குறைவாகவும் கொடுக்கலாம் என்றது. 11ஆவது உறுப்புரை கொடூரமான தண்டனைக்கு எதிரானது. 12(1) எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்பது. சமம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை தைப்பது அல்ல என்று இதை நாங்கள் பிள்ளைகளுக்கு விளக்குவோம்.

இந்தியாவிலும் 1983இல் இப்படி ஒன்று நடந்தது. ஆயுள் கைதி ஒருவன் கொலை செய்தால் கட்டாயம் மரண தண்டனை என்ற 303ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதி ஆளைப் பார்க்கவே கூடாது என்று சொல்லும் சட்டம் நீதி ஆகாது என்பதுதான் அதன் சாரம்.

சிலர் எங்களிடம், "நம்ம மார்க்கத்தில் கை வெட்டச் சொல்லவில்லையா" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு உமர் (ரழி) அவர்களின் காலத்துப் பஞ்ச ஆண்டு நினைவிருக்க வேண்டும். பசி சனங்களைப் பிடித்த அந்த ஆண்டில் திருட்டுக்கான அந்தத் தண்டனையை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். களவைப் பார்க்கும் முன் பசியைப் பார்த்தார்கள்.

இனி எங்கள் சொந்தக் கதை ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினோம்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. பெயர், தோட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. கெட்டிக்காரன், கணக்கில் புலி. சாதாரண தரத்துக்குப் பிறகு வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு சில்லறைக் களவு வழக்கில் மூன்று பேரோடு சேர்த்து அவனையும் பிடித்தார்கள். தாய் அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் எடுக்கல்லன்னு சொல்றான் சேர். வக்கீலுக்குக் காசு இல்ல. தவணை தவணையா நீதிமன்றம் போனா பேரும் போகும்" என்றார். ஒரு நாள் பேர் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது தோட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "சின்ன வழக்குத்தானே அம்மா. ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். இழுத்தடிக்காமல் முடிந்துவிடும்." அபராதத்தில் பாதியையும் கொடுத்து அனுப்பினோம். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினோம்.

முடியவில்லை. அன்றைக்கு விழுந்தது ஒன்று என்ற எண். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை கேட்டபோது அந்த எண் நின்றது. ஊரில் ஏதும் காணாமல் போனால் அந்த எண் அவன் வீட்டைக் காட்டியது. வேலை கிடைக்காதவனோடு ஐஸ்காரன் சிநேகம் ஆனான். இரண்டாவது தடவை அவன் உண்மையாகவே செய்தான். அப்போது நீதிமன்றத்தில் "முற்குற்றம் உண்டா" என்று கேட்டார்கள். உண்டு என்றார்கள். அந்த "உண்டு" எங்கள் வாயால் போனது.

அவன் செய்த இரண்டாவது குற்றத்துக்கு அவனே பொறுப்பு. அதை நாங்கள் மறைக்கவில்லை, அவனும் மறைக்கவில்லை. ஆனால் முதலாவது எண்ணை எழுதியதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சந்தியில் அன்றைக்கு அந்தக் கேள்வி வந்தபோது வாய் திறக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

எண்ணிக்கைக்குத் தண்டனை கொடுக்கும் சட்டம் கேட்பவர்கள் மூன்றாவது எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாங்கள் முதலாவது எண்ணைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். பெருங்காமநல்லூரில் சனங்கள் உயிரைக் கொடுத்து மறுத்ததும் அந்த முதலாவது ரேகையைத்தான்.

கடை உடைபட்ட எங்கள் சகோதரருக்கு இது முழுப் பதில் ஆகாது என்று தெரியும். அவருடைய பூட்டுக்கு நியாயம் வேண்டும். களவெடுத்தவன் பிடிபட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு நீதவானிடம் "வரை" என்ற சொல் போதும். கடும் களவுக்குக் கடுமையாகக் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. பொடியன் திருந்துவான் என்று தெரிந்தால் அதற்கும் இடம் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மீது வழக்கு என்றால், குற்றம் சின்னது என்று நினைத்து, விளங்காமல் ஒப்புக்கொள்ள விடாதீர்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்கள், தலைவர்மார், கடைக்கார நானாமார் யார் சொன்னாலும் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். காசு இல்லாதவர்களுக்காகத்தான் 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. நீதிமன்றங்களோடு அதற்கு அலுவலகங்கள் இருக்கின்றன. கேட்பதில் வெட்கம் இல்லை. செய்திருந்தால் ஒப்புக்கொள்வது நேர்மை. செய்யாததை, நாள் பேர் போகும் என்பதற்காக ஒப்புக்கொள்வது நேர்மையும் அல்ல, இலாபமும் அல்ல.

அந்தப் பிள்ளை இப்போது வெளியில் இருக்கிறான். மரக்கறி லொறியில் வேலை. போன மாதம் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கண்டான். ஓடி வந்து எங்கள் பையை வாங்கிப் பஸ்ஸில் வைத்துவிட்டு, "சேர், சுகமா?" என்றான். அந்தக் கேள்விக்கும் நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை.

பதிவில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். நம் பகுதியில் வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணிகள் யாராவது இதை வாசித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து பெற்றோருக்கு இரண்டு மணித்தியாலம் விளக்கம் தர முடியுமா என்று சொல்லுங்கள். கதிரை போடுவதும் தேத்தண்ணி போடுவதும் எங்கள் பொறுப்பு.